ஏழாவது நடைமேடை

எங்கள் காலனியில் கனிவக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. அது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கும் குரல் அவருடையது. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். மற்றபடி கனிவுக்கும் அவருக்கும் பெரிய உறவு எதுவும் இல்லை. மாடிப்படியில் யாராவது செருப்பைக் குறுக்கே விட்டிருந்தால் போதும், மூன்று தளத்துக்கும் கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். நான் அவருக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன். பெரும்பாலும் அது என் செருப்புதான்.

அவருக்கு அந்த வேலை கிடைத்ததே ஒரு கூத்து. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் புதுப்பெண்ணாக ஊரில் வந்து இறங்கிய அன்றைக்கே பையைத் தொலைத்துவிட்டார். அறிவிப்பு அறைக்கு ஓடினால், அங்கிருந்தவருக்குத் தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வருகிறது. "கொடுங்க இப்படி" என்று மைக்கை வாங்கி, பையின் நிறம், கைப்பிடியில் கட்டிய கயிறு, அறுந்த ஜிப் என்று ஒன்று விடாமல் அவரே சொன்னார். யாரும் அசையவில்லை. அதே வார்த்தைகளை அதே வேகத்தில் இன்னொரு முறை சொன்னார். பை வந்து சேர்ந்தது. பையின் பின்னாலேயே, யார் இந்தக் குரல் என்று கேட்டுக்கொண்டு நிலைய மேலாளரும் வந்து சேர்ந்தார். அடுத்த வாரம் வேலை.

"முதல் தடவை சொன்னா காது திரும்பும். ரெண்டாவது தடவை சொன்னாத்தான் கால் நகரும்." அக்காவின் தொழில் ரகசியம் மொத்தமும் இவ்வளவுதான். வீட்டிலும் அதே சட்டம். சாப்பாடு தயார் என்பதை இரண்டு முறை சொல்வார், விளக்கை அணை என்பதை இரண்டு முறை சொல்வார். அவர் கணவர் அதே நிலையத்தின் பணிமனையில் மெக்கானிக். சாதுவான மனுஷன். "கல்யாணம் ஆனதுலேருந்து நான் முதல் தடவையைக் கேட்டதே இல்லைங்க. எப்படியும் இன்னொண்ணு வரும்ல?" என்பார்.

ஒருமுறை அந்த அறிவிப்பு அறைக்குள் போயிருக்கிறேன். மூன்று பேர் நின்றால் நான்காமவர் மூச்சு விட முடியாது. ஒரு மேஜை, ஒரு மைக், சுடுதண்ணீர் பிளாஸ்க், நடைமேடை வாரியாக ஒலிபெருக்கிகளுக்குத் தனித்தனி சுவிட்சுகள். எல்லா ஒலிபெருக்கிகளையும் ஒரே நேரத்தில் திறந்தால் நிலையம் சந்தைக்கடை ஆகிவிடுமாம். எந்த நடைமேடையில் ஆள் நிற்கிறதோ அங்கே மட்டும்தான் பேச வேண்டும். எண்ணிப் பார்த்தால் சுவிட்ச் ஏழுதான் இருந்தது. நடைமேடைகளின் எண்களோ எட்டு வரை போகும்.

"ஏழாவது எங்கக்கா?"

"கூரை இறங்கிடுச்சு. நான் சேர்றதுக்கு முன்னாடியே. ரிப்பேர் பண்றோம்னு மூடினாங்க, இன்னும் பண்றாங்க."

ஆக, இருபத்திரண்டு வருஷமாக அவர் வாயில் ஐந்து, ஆறு, எட்டு என்றுதான் வரும். மொட்டைமாடியில் துணிக்கு கிளிப் மாட்டும்போதுகூட ஆறுக்குப் பிறகு எட்டுதான். "அம்மா, ஏழு!" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் விழாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

குளிர்கால விடுமுறையில் எங்கள் காலனியில் மூன்று நாள் விழா நடக்கும். பள்ளிக்கூடம் மூடியிருக்கும், பிள்ளைகள் வீட்டில் இருந்துகொண்டு நம் உயிரை வாங்குவார்கள். அதற்கு மருந்தாக யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைத்தது. பின்னால் உள்ள பூங்காவில் மரத்துக்கு மரம் சின்ன விளக்குச் சரம், சாக்கு ஓட்டம், கயிறு இழுக்கும் போட்டி, அண்டா நிறையக் காய்கறி சூப். யாருடைய ஸ்வெட்டர் மகா மட்டம் என்று ஒரு போட்டியும் உண்டு. அதில் நான் மூன்று முறை முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். ஒருமுறைகூட நான் பெயர் கொடுக்கவில்லை.

எனக்கு செல்போன் பழுதுபார்க்கும் கடை. ஒயர் என்றாலே என்னைக் கூப்பிடுவார்கள் என்பதால் விழாவின் ஒலி ஏற்பாடு என் தலையில் விழுந்தது. பேசுவதற்குச் சங்கச் செயலாளர் இருக்கிறார். மரச்சாமான் கடைக்காரர். மைக் கிடைத்தால் விடமாட்டார். நான்கு வருஷத்துக்கு முன் அவருக்கு இருமல் வந்ததால்தான் மைக் கனிவக்காவின் கைக்குப் போனது.

அன்று மாலை முழுவதும் அக்கா அருமையாகத்தான் பேசினார். பரிசளிப்பில்தான் வந்தது வினை. "சாக்கு ஓட்டத்தில் முதல் பரிசு பெறும் மாணவன், மேடையின் இடப்புறத்திலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்றுவிட்டார். பழகிய வாய், தன் பாட்டுக்குப் போய்விட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்காவின் சட்டம் இருக்கிறதே! ஏன் சிரிக்கிறார்கள் என்று புரிவதற்குள் இரண்டாவது முறையும் சொல்லிவிட்டார். செயலாளர் என்னைப் பார்த்துக் கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். நான் ஒலியைக் குறைத்தேன். அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. செயலாளர் சொன்னால் என் கை ஏன் கேட்க வேண்டும்?

மகளுக்கு அப்போது பத்து வயது. முன்வரிசையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "உங்க அம்மா எத்தனை மணிக்குப் புறப்படும்?" என்று ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் அவள் அழுதுகொண்டே வந்து, "இனிமே காலனில மைக்ல பேசாதம்மா. ப்ளீஸ்மா" என்றாளாம். பேசமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். இரண்டு முறை சொன்னாரா என்று தெரியாது, ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு விழாவில் அவருடைய இடம் சூப் அண்டா. கரண்டியும் கையுமாக, வாயே திறக்காமல் ஊற்றுவார். பேருந்து நிலையத்தில் ஊரையே கிளப்பி அனுப்பும் குரல், உப்பு போதுமா என்றுகூடக் கேட்காது. மகளும் அந்தப் பக்கம் வராமல் தோழிகளோடு ஒதுங்கி நிற்பாள். வயசுப் பிள்ளைக்கு வெட்கம் வந்தால் சீக்கிரம் போவதில்லை. நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டே சூப் குடித்தோம்.

இந்த வருஷம் விழாவின் கடைசி நாள் மாலை நாலரை மணிக்குப் புதையல் வேட்டை. பூங்காவில் எட்டு மரங்களில் எட்டு எண் அட்டைகள். எட்டுக் குழு. ஒவ்வொன்றிலும் ஐந்து பொடிசுகள், பார்த்துக்கொள்ள ஒரு பெரிய பிள்ளை. ஆக நாற்பத்தெட்டு பேர். ஒவ்வொரு குழுவும் தன் எண் மரத்தடிக்குப் போய் நின்றுகொள்ள வேண்டும், செயலாளர் விசில் ஊதியதும் தேட ஆரம்பிக்க வேண்டும். பூங்காவின் நடுவில் ஒரு குளம். ஒன்றிலிருந்து நான்கு வரை மேடைப் பக்கம், ஐந்திலிருந்து எட்டு வரை அக்கரை; அங்கே தண்ணீரை விட்டுத் தள்ளி, வெளி ரோட்டை ஒட்டிப் பம்பு அறை. குளத்துக்கு வேலி போட வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவோம். பேச்சு மட்டும் பலமாக இருக்கும்.

அக்காவின் மகள் இப்போது பதினாலு. ஏழாம் எண் குழுவுக்கு அவள்தான் தலைவி. இருப்பதிலேயே குட்டிகள், ஐந்து வயசும் ஆறு வயசும். ஏழாம் எண் மரம் அக்கரையில், தண்ணீரை ஒட்டி நிற்கிறது.

பிள்ளைகள் மரத்தடிக்குப் போய்ச் சேரவும் பனிமூட்டம் இறங்கவும் சரியாக இருந்தது. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் மூட்டம் புதுசல்ல. ஆனால் இப்படி ஒரு மூட்டத்தை நான் பார்த்ததில்லை. முதலில் அக்கரை போனது, அப்புறம் குளம் போனது, அப்புறம் மரத்து விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் என் மிக்சரின் பொத்தான்களையே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவ்வளவுதான். பெற்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். நாற்பத்தெட்டுப் பெயர்களும் ஒன்றாகக் காற்றில் பறந்தால் எந்தப் பிள்ளைக்குத் தன் பெயர் கேட்கும்? செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் இங்க வாங்க! பயப்படாதீங்க! இங்க வாங்க!" என்று அலறினார். பயப்படாதீங்க என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கே பயம் வந்தது.

கனிவக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்தார். வந்த வேகத்தில் செயலாளரை ஒரு பிடி பிடித்தார்.

"நாலு மூலையிலயும் நாலு ஸ்பீக்கர். நாலும் 'இங்க வா'ன்னு கத்துது. எந்த 'இங்க'க்கு வரும் புள்ளைங்க? அந்தப் பக்கத்துப் புள்ளைங்க மேடையைக் குறி வச்சு நேரா நடந்தா எங்க போய் நிப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

செயலாளர் யோசித்திருக்கவில்லை. இப்போது யோசித்தார். "குளம்" என்று மட்டும் சொன்னார், அதுவும் நான்கு மூலையிலும் கேட்டது. நான் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார்.

"பாப்பாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்பா."

"பாப்பாவே அந்தப் பக்கம்தான்க்கா நிக்குது!"

கரண்டி என் கைக்கு வந்தது. மைக் அவர் கைக்குப் போனது.

முதல் அறிவிப்பு எங்களுக்கு. "பெற்றோர்களின் கனிவான கவனத்திற்கு. வாயை மூடவும்." ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடியும்: "பெற்றோர்களின் கனிவான கவனத்திற்கு. வாயை மூடவும்." முதல் தடவைக்குப் பாதிப் பேர் மூடினார்கள். இரண்டாவதுக்கு மீதிப் பேர். அப்படி ஓர் அமைதியை எங்கள் காலனி அதற்கு முன் கண்டதில்லை.

இரண்டாவது அறிவிப்பு பிள்ளைகளுக்கு. "எல்லாக் குழுக்களின் கனிவான கவனத்திற்கு. நிற்கும் இடத்திலேயே நிற்கவும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளவும். உங்கள் எண்ணை அழைக்கும்வரை யாரும் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது." அதையும் இரண்டு முறை. பேருந்து நிலையத்தில் தினமும் கேட்கிற அதே குரல், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மழையோ வெயிலோ, அந்தக் குரல் சொன்னால் பேருந்து வரும் என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இடுப்பில் இருக்கும்போதே தெரியும். மூட்டத்துக்குள் எங்கோ அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளை அழுகையை நிறுத்தியது.

பிறகு மைக்கை மூடிக்கொண்டு எங்களுக்கு வேலை வைத்தார். கணவரைப் பார்த்து, "அஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு வெளி ரோடு வழியா அந்தப் பக்கம் பம்பு ரூமுக்குப் போங்க. போய் நின்னுட்டு போன் பண்ணுங்க" என்றார். அந்த மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாக முதல் தடவையிலேயே ஓடினார். என்னிடம், "மேடை ஸ்பீக்கர் ஒண்ணு, பம்பு ரூம் ஸ்பீக்கர் ஒண்ணு. மத்த ரெண்டு ஒயரையும் பிடுங்கு. நான் கை காட்டுறப்போ ஒண்ணுதான் பேசணும்" என்றார். பிடுங்கினேன்.

"ஒன்றாம் எண் குழுவின் கனிவான கவனத்திற்கு. என் குரல் வரும் திசையில் மெதுவாக நடந்து வரவும்." மேடை ஒலிபெருக்கி மட்டும் பேசியது. இரண்டு முறை சொல்லிவிட்டு, குரலின் நூல் அறுந்துவிடாமல், "வரவும்... வரவும்... மெதுவாக வரவும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு சிவப்புக் குல்லாய் வந்தது. அப்புறம் அதன் கையைப் பிடித்த கை, அப்புறம் அதைப் பிடித்த இன்னொரு கை. ஆறு பேர். தாய்மார்கள் பாய்ந்தார்கள். "ஒன்றாம் எண் குழு வந்து சேர்ந்தது" என்றார் அக்கா. கூட்டம் கைதட்டியது. "கைதட்டுவதைத் தவிர்க்கவும்" என்றார். தவிர்த்தோம்.

இரண்டு வந்தது. மூன்று வந்தது. நான்காம் குழுவில் ஒருவன் ஒரு ஷூவை எங்கோ விட்டுவிட்டு வந்தான், ஆனால் பிடித்த கையை விடவில்லை. கணவரிடமிருந்து போன் வந்ததும் அக்கா எனக்குக் கை காட்டினார். நான் மேடையை அணைத்துப் பம்பு அறையைத் திறந்தேன். அவர் குரல் இப்போது குளத்துக்கு அப்பாலிருந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டி நடக்கச் சொல்லி அழைத்தது. ஐந்தாம் எண். "வந்துட்டாங்க" என்று போனில் கணவர். ஆறாம் எண். "வந்துட்டாங்க." எட்டாம் எண். "வந்துட்டாங்க, ஆறு பேரும்."

அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் இந்தப் பக்கம் வந்தவர்களையும் போனில் சொன்னவர்களையும் சேர்த்து எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். முகம் வெளுத்தது.

"நாப்பத்திரண்டுதான் இருக்கும்மா. ஆறு பேர் குறையுது."

"எல்லாரையும் கூப்பிட்டேனே!" என்றார் அக்கா. யார் அந்த ஆறு பேர் என்று எங்களில் ஒருவருக்கும் சட்டென்று உறைக்கவில்லை. பயத்தில் மூளை வேலை செய்யாது. குளத்தின் பக்கம் பார்த்தோம். வெள்ளைச் சுவர்.

அந்தச் சுவருக்குள்ளிருந்துதான் அது வந்தது. மைக் இல்லாத, மெல்லிய, ஆனால் ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரு குரல். தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

"அறிவிப்பாளரின் கனிவான கவனத்திற்கு. ஏழாவது நடைமேடையில் ஐந்து சிறிய பயணிகளும் ஒரு பெரிய பயணியும் காத்துக்கொண்டிருக்கிறோம். எங்களை இன்னும் அழைக்கவில்லை."

ஒரு மூச்சு நேரம். அப்புறம் அதே வார்த்தைகள், அதே வேகத்தில், இரண்டாவது முறை.

அக்கா தலையில் பட்டென்று அடித்துக்கொண்டார். "அய்யோ, ஏழு!" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும்தான். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, மூட்டத்தின் மேல் பழி போட்டேன். அக்கா மைக்கை நிமிர்த்திப் பிடித்தார்.

"ஏழாவது நடைமேடைப் பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏற்பட்ட தாமதத்திற்கு வருந்துகிறோம்." இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பவும். என் குரல் வரும் திசையில் மெதுவாக வரவும். வாம்மா... மெதுவா வாம்மா..."

போனில் கணவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. வந்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டோம். இந்த முறை கைதட்டுவதைத் தவிர்க்கவும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்.

கால் மணி நேரத்தில் அக்கரைப் பிள்ளைகள் எல்லாரும் வெளி ரோடு வழியாக மேடைக்கு வந்தார்கள். மகள் தன் மப்ளரில் ஐந்து பொடிசுகளையும் கோத்துக்கொண்டு வந்தாள். அம்மாவைப் பார்த்ததும், "நீ ஏழை விட்டுடுவேன்னு எனக்குத் தெரியும். அஞ்சு சொல்லும்போதே தெரியும்" என்றாள்.

"அப்ப ஏன்டி முன்னாடியே கத்தலை?"

"கூப்பிடுற வரைக்கும் நகரக் கூடாதுன்னு நீதானே சொன்னே? எட்டு முடிஞ்சதும் நீ மறுபடி பேசவே இல்ல. அப்புறம்தான் நானே அறிவிச்சேன்." அப்படிச் சொன்னவள் அத்தனை தோழிகளுக்கு முன்னால் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் புடவையில் சூப் கறை. இவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கை எட்டும் தூரத்துக்குள் நின்றுகொண்டு விழாவை முடித்தோம். சூப் மறுபடி சூடானது. அக்காவின் கரண்டி என்னிடமே இருந்ததால் நான்தான் ஊற்ற வேண்டியிருந்தது. புதையல் மூட்டத்துக்குள் பத்திரமாக இருந்தது, ஆகவே யார் வென்றார்கள் என்று தெரியாது. பரிசை எட்டுக் குழுவுக்கும் பங்கு போடுவது என்று செயலாளர் முடிவு செய்தார். அதை அறிவிக்க மைக்கை எடுத்தவர், நின்று யோசித்துவிட்டு, நேராகப் போய் அக்காவிடம் கொடுத்தார். "நீங்கதான் சொல்லணும். அன்னைக்கு நான் செஞ்சது தப்பும்மா" என்றார். மரச்சாமான் கடைக்காரரின் வாழ்நாளிலேயே மிகச் சின்னப் பேச்சு அது.

அக்கா மைக்கை வாங்கிக்கொண்டார். "புதையல் வேட்டையில் முதல் பரிசு பெறும் எட்டுக் குழுக்களும்..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினார். வாய் எங்கே போகப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்துக்கும் தெரிந்துவிட்டது.

முன்வரிசையிலிருந்து மகள் எழுந்து நின்றாள். வாயைக் கையால் குவித்துக்கொண்டு, "சொல்லும்மா! அதைச் சொல்லு!" என்று கத்தினாள்.

நான் பிடுங்கி வைத்திருந்த இரண்டு ஒயரையும் மறுபடி செருகினேன். நான்கு ஒலிபெருக்கிகளையும் திறந்து, ஒலியைக் கடைசிவரை ஏற்றினேன்.

"...மேடையின் இடப்புறத்திலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்!"

நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பேருந்துபோல ஹாரன் அடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். கூட்டம் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவில் ஜன்னல்கள் திறந்தன. சத்தம் அடங்கும்வரை அக்கா பொறுமையாக நின்றார். பிறகு இரண்டாவது முறையும் சொன்னார்.